யூனான் என்ற கரை: ஒரு கல்விக் கப்பற் பயணம் கற்றுத் தந்தவை

யூனானி வைத்தியம் என்ற பெயரைக் கேள்விப்படாத முஸ்லிம் வீடு நமது நாட்டில் அரிது. 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் அதனைச் சுதேச வைத்திய முறைகளோடு சேர்த்து ஏற்றிருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அது பட்டப்படிப்பாகவும் கற்பிக்கப்படுகிறது. ஆனால், அந்த ‘யூனான்’ எங்கே இருக்கிறது என்று கேட்டால், “கிரேக்கம்தானே” என்று சொல்லி நிறுத்திவிடுவோம். அந்தப் பதில் பாதிதான் சரி. அரபியிலும் பாரசீகத்திலும் வழங்கும் யூனான் என்ற சொல் ‘அயோனியா’ என்ற பெயரிலிருந்து வந்தது. அயோனியாவின் பெரும்பகுதி இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருக்கிறது. பாரசீகர் நெருங்கிப் பழகிய கிரேக்கர் அந்தக் கரையில் வாழ்ந்தவர்களே. அதனால் எல்லாக் கிரேக்கருக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

அந்தக் கரையையும் அதற்கு எதிர்க்கரையையும் ஒரே பயணத்தில் பார்க்கும் வாய்ப்பு எனக்கும் என் மச்சானுக்கும் கிடைத்தது. நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். மச்சான் யூனானி வைத்தியர். ஏழு இரவுகள் கொண்ட கல்விக் கப்பற் பயணம் அது. அங்கே கண்டவற்றையும், விரிவுரைகளில் கேட்டவற்றையும், ஊர் திரும்பி வாசித்து உறுதி செய்தவற்றையும் இங்கு தொகுத்துத் தருகிறேன்.

மிதக்கும் வகுப்பறை

இத்தகைய பயணங்கள் புதியவை அல்ல. பிரித்தானியாவில் ‘சுவான் ஹெலனிக்’ என்ற பெயரில் 1954 இல் கிரேக்கக் கடற்பயணங்கள் தொடங்கின. அறிஞர்களைக் கப்பலிலேயே ஏற்றிச் சென்று விரிவுரை செய்விப்பது அவற்றின் சிறப்பு. அப்படிச் சென்றவர்களுள் ஒருவர் சேர் மோர்டிமர் வீலர். 1945 இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அகழ்வாராய்ச்சி செய்து, உரோம வணிகத்தின் தடயங்களை வெளிக்கொணர்ந்தவரும் அவரே.

ஏன் கப்பல்? ஈஜியன் கடலில் ஒரு தீவின் கரையில் நின்றால் அடுத்த தீவு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். மலைகள் தரைவழியை மறித்தன; கடல் வழிவிட்டது. எனவே கிரேக்கரின் நகரங்கள் கடலைச் சுற்றியே வளர்ந்தன. நிலப்படத்தில் கிரேக்கம் ஒரு நாடாகவும் துருக்கி இன்னொரு நாடாகவும் நிற்கின்றன. கப்பலில் போகும்போது இரண்டும் ஒரே குளத்தின் இரண்டு கரைகளாகத் தெரிகின்றன.

இரவில் கப்பல் ஓடும். காலையில் ஒரு துறைமுகத்தில் நிற்கும். பகலில் இடிபாடுகளைப் பார்ப்பது. பின்னேரம் அடுத்த நாளுக்கான விரிவுரை. கோடையில் வடக்கிலிருந்து ‘மெல்டெமி’ என்ற காற்று வீசும். நம் கடலோரத்தார் வாடை, சோளகம், கச்சான் என்று காற்றுகளைப் பிரித்துச் சொல்வது போல, அங்குள்ள மீனவர்களும் அந்தக் காற்றைக் கணக்கில் வைத்தே கடலில் இறங்குகிறார்கள். அது பலமாக வீசும் நாட்களில் சிறு தீவுகளில் படகு அணைய முடியாது.

ஏதென்ஸ்: துடைத்தெடுத்த குன்று

பிரேயஸ் துறைமுகத்தில் ஏறுமுன் ஏதென்ஸ் நகரின் அக்ரோபொலிஸ் குன்றுக்குப் போனோம். அதன் உச்சியில் உள்ள பார்த்தினன் கி.மு. 447 இல் கட்டத் தொடங்கப்பட்ட ஆலயம். வழிகாட்டிகள் பெரும்பாலும் அங்கிருந்து ஒரே பாய்ச்சலில் இன்றைக்கு வந்துவிடுவார்கள். இடையில் நடந்தது என்ன? அது பல நூற்றாண்டுகள் கிறிஸ்தவ தேவாலயமாக இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் உதுமானியர் வசமானபின் பள்ளிவாசலாயிற்று. உதுமானியப் பயணி எவ்லியா செலபி பதினேழாம் நூற்றாண்டில் அதைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். அதாவது, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் அந்தக் கட்டடம் யாரோ ஒருவருடைய வணக்கத்தலமாக இருந்ததால்தான் பெருமளவு முழுமையாக நின்றது.

அது சிதைந்தது 1687 செப்டம்பர் 26 இல். முற்றுகையிட்டிருந்த வெனிஸ் படையின் குண்டு, உதுமானியர் உள்ளே சேமித்து வைத்திருந்த வெடிமருந்தின் மீது விழுந்தது. பழியில் இரு தரப்புக்கும் பங்குண்டு. அதன்பின் இடிபாட்டுக்குள் ஒரு சிறிய பள்ளிவாசல் எழுந்தது. கிரேக்கம் சுதந்திரம் பெற்றபின், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக்குப் பிந்திய அனைத்தையும் குன்றிலிருந்து அகற்றும் வேலை நடந்தது. அந்தப் பள்ளிவாசல் 1840களில் போயிற்று. நடுக்காலக் கோபுரம் ஒன்று 1875 இல் இடிக்கப்பட்டது.

இன்று நாம் காணும் ‘பழைமை’ பத்தொன்பதாம் நூற்றாண்டு தெரிந்தெடுத்த பழைமை. தொல்லியல் மண்ணைத் தோண்டும்போது ஒரு படையைக் காப்பாற்றுகிறது, இன்னொரு படையைக் கூடையில் அள்ளிக் கொட்டுகிறது. எந்தப் படை யாருடையது என்ற கேள்வி அறிவியல் கேள்வி மட்டுமல்ல என்பதை நமது வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நிலைமை மாறியும் வருகிறது. குன்றின் அடிவாரத்தில் உரோமச் சந்தைத் திடலில் உள்ள பத்ஹிய்யா பள்ளிவாசல் திருத்தப்பட்டு, 2017 இல் கண்காட்சி மண்டபமாகத் திறக்கப்பட்டது. மொனாஸ்திராகி சதுக்கத்தில் 1759 இல் கட்டப்பட்ட பள்ளிவாசல் நூதனசாலையின் ஒரு பகுதியாக இருக்கிறது.

டெலோஸ்: ஆளில்லாத் தீவு

சுமார் 5 கிலோமீட்டர் நீளமான டெலோஸ், அப்பல்லோ பிறந்த இடமாகக் கிரேக்கர் நம்பிய புனிதத் தீவு. பாரசீகருக்கு எதிராகச் சேர்ந்த நகரங்களின் பொது நிதி இங்குதான் வைக்கப்பட்டது. கி.மு. 454 இல் ஏதென்ஸ் அந்த நிதியைத் தன் நகருக்கு எடுத்துச் சென்றது. தோழமை நகரங்கள் கப்பம் கட்டும் நகரங்களாக மாறியதற்கு அது ஓர் அடையாளம். பார்த்தினன் எழுந்த காலமும் அதுவே.

பின்னர் உரோமர் இதைத் தீர்வையில்லாத் துறைமுகமாக்கினார்கள். ஒரே நாளில் பத்தாயிரம் அடிமைகளை ஏற்றி இறக்கக்கூடிய சந்தை இங்கிருந்ததாகப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். வணிகர் வீடுகளின் அழகான மொசாயிக் தரைகளை எல்லாரும் படம் எடுத்தார்கள். மச்சான் மட்டும் துறைமுகத் திடலைப் பார்த்தபடி, “இந்த வெயில்ல எத்தனை பேர நிக்க வெச்சிருப்பாங்க?” என்று கேட்டார். குடியாட்சியையும் மெய்யியலையும் பேசுகிறவர்கள் அந்தத் திடலையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

பெர்கமோன்: ஜாலீனூஸின் ஊர்

டிகிலி துறைமுகத்தில் இறங்கி பஸ்ஸில் பெர்காமா போனோம். பழைய பெயர் பெர்கமோன். கி.பி. 129 இல் கேலன் பிறந்த ஊர் இது. நமது கிதாபுகளில் வரும் ஜாலீனூஸ் அவர்தான். மலையடிவாரத்தில் நோயாளர் தங்கிச் சிகிச்சை பெற்ற அஸ்க்லெபியோன் இருக்கிறது. கேலன் இளமையில் இந்த ஊரின் மல்லர்களுக்கு, அதாவது வாளேந்திச் சண்டையிட்ட கிளேடியேட்டர்களுக்கு, வைத்தியராக இருந்தார். காயங்களே அவருக்கு உடலுக்குள் பார்க்கும் ஜன்னல்களாயின. மனித உடலை அறுத்துப் பார்க்க வழியிருக்கவில்லை. குரங்குகளையும் பன்றிகளையும் அறுத்துக் கற்றார்.

“மச்சான், நாங்க பாடமாக்கின ஜாலீனூஸ் இந்தத் தெருவால நடந்து போயிருப்பாரு” என்றார் என்னோடு வந்தவர். நான்கு ஆண்டுகள் கிதாபில் படித்த பெயருக்கு அன்றுதான் ஊரும் தெருவும் கிடைத்தன.

எபேசஸ், மிலேட்டஸ்: ஒரே பார்வையில் மூன்று

எபேசஸில் எல்லாரும் பார்க்கும் கட்டடம் செல்சஸ் நூலகம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக்குரியது. கீழே விழுந்து கிடந்த அதன் முகப்பை ஒஸ்திரியத் தொல்லியலாளர்கள் 1970களில் மீண்டும் நிறுத்தினார்கள். ஒரு காலத்தில் கடல் இந்த நகரின் வாசல்வரை வந்தது. ஆறு கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்தது. இன்று கடல் பல கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நகரம் கைவிடப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றியது அருகிலுள்ள செல்சுக் நகரின் குன்று. அங்கு நின்றால், உலக அதிசயங்களுள் ஒன்றான ஆர்ட்டெமிஸ் ஆலயத்தில் எஞ்சிய தூண், யோவானின் பெயரால் அமைந்த தேவாலயத்தின் இடிபாடு, 1375 இல் கட்டிய ஈஸா பே பள்ளிவாசல் ஆகிய மூன்றும் ஒரே பார்வையில் அடங்கும். பள்ளிவாசலின் தூண்களில் சில எபேசஸ் இடிபாட்டிலிருந்து வந்தவை. அங்கே ளுஹர் தொழுதோம்.

தேல்ஸ் பிறந்த மிலேட்டஸிலும் இதே காட்சிதான். பழைய நகரின் பளிங்குக் கற்களால் 1404 இல் எழுந்த இல்யாஸ் பே பள்ளிவாசல் அரங்கின் அருகே நிற்கிறது. அதைத் திருத்திக் காத்த பணிக்கு 2012 இல் ஐரோப்பிய மரபுரிமை விருது கிடைத்தது. அக்ரோபொலிஸில் நடந்ததற்கு மாற்றான வழியும் உண்டு என்பதற்கு அது சாட்சி. ஆனால் மிலேட்டஸின் பெரிய சந்தை வாயில் பெர்லின் நூதனசாலைக்குப் போய்விட்டது.

கொஸ்: மரத்தின் வயது

கொஸ் தீவு ஹிப்போகிரட்டீஸின் ஊர். அரபியில் புக்ராத். இங்கு வாழ்ந்தவர்கள் டோரியர்; ஆயினும் அவர் பெயரால் வழங்கும் நூல்கள் அயோனியக் கிளைமொழியில் எழுதப்பட்டவை. அந்தக் கரையின் மொழிதான் அன்று அறிவின் மொழி. யூனானி என்ற பெயர் எத்தனை பொருத்தமானது என்பது அங்கே புரிந்தது.

நகரில் ஒரு பெரிய பிளேன் மரம் இருக்கிறது. அதன் கீழ் அமர்ந்து ஹிப்போகிரட்டீஸ் பாடம் நடத்தினார் என்பார்கள். மரத்தின் வயது சுமார் 500 ஆண்டுகள், அவரோ கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக்காரர். பக்கத்தில் 1786 இல் கட்டப்பட்ட காஸி ஹஸன் பாஷா பள்ளிவாசல் நிற்கிறது. 2017 ஜூலை பூகம்பத்தில் அது சேதமடைந்தது. இந்தத் தீவில் இன்றும் ஒரு சிறு முஸ்லிம் சமூகம் வாழ்கிறது.

நாம் சொல்ல வேண்டிய கதை

கப்பலில் நடந்த விரிவுரைகள் தரமானவை. ஆனால் கிரேக்க அறிவு ஐரோப்பாவுக்கு எப்படிப் போயிற்று என்ற இடத்தில் அரபுலகத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம்: அரபிகள் நூல்களைப் பாதுகாத்துத் திருப்பித் தந்தார்கள். தபால்காரர் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தது போல. நம் மேடைகளிலோ இதற்கு நேர்மாறான பேச்சு: “எல்லாம் நம்மட ஆக்கள் கண்டுபிடிச்சது, அவங்க களவெடுத்தது.” இரண்டுமே வரலாறு அல்ல.

வரலாறு இதைவிடச் சுவையானது. பக்தாதில் கேலனை மொழிபெயர்த்தவர்களின் தலைவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். ஹீராவில் பிறந்த கிறிஸ்தவர். 873 இல் காலமானவர். கேலனின் ஒரு நூலைத் தேடி இராக், சிரியா, பலஸ்தீன், எகிப்து என்று அலைந்து, கடைசியில் டமஸ்கஸில் பாதிப் பிரதியைக் கண்டதாக அவரே எழுதியிருக்கிறார். அவர் தயாரித்த பட்டியலில் கேலனின் 129 நூல்கள் உள்ளன. கேலனின் உடற்கூற்று நூலொன்றின் கடைசிப் பகுதிகள் கிரேக்கத்தில் அழிந்து, அரபியில் மட்டுமே எஞ்சின. அதே நேரம், பல கிரேக்க நூல்களைக் கொன்ஸ்தாந்திநோபிளின் கிறிஸ்தவ எழுத்தர்களும் பிரதி செய்து காத்தார்கள் என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும்.

பாதுகாத்ததோடு வேலை முடியவில்லை. அர்-ராஸி ‘ஜாலீனூஸ் மீதான ஐயங்கள்’ என்ற பொருளில் ஒரு நூலே எழுதினார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்றார் கேலன். 1200 ஐ ஒட்டி எகிப்தைப் பஞ்சம் தாக்கியபோது, குவிந்து கிடந்த எலும்புக்கூடுகளை ஆராய்ந்த அப்துல் லதீப் அல்-பக்தாதி, அது ஒரே எலும்பு என்று கண்டார். இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இரத்தம் செல்கிறது என்பது கேலனின் கருத்து. 1288 இல் காலமான இப்னு அந்-நபீஸ், அத்தகைய துளைகள் இல்லை, இரத்தம் நுரையீரல் வழியாகவே மறுபக்கம் போகிறது என்றார். ஆசிரியரை மதித்துக்கொண்டே அவரைத் திருத்துவது எப்படி என்பதை அவர்கள் காட்டினார்கள். நமது மத்ரஸாக்களும் பாடசாலைகளும் அந்தப் பெயர்களைப் பெருமைக்காக ஒப்புவிக்கின்றன. அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டோமா என்பதே என் கேள்வி.

போக எண்ணுவோருக்குச் சில குறிப்புகள்

கப்பல் கிரேக்கத்திலிருந்து துருக்கிக்குப் போய்த் திரும்புவதானால், பலமுறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா வேண்டும். துருக்கி விசா தனி. ஹலால் உணவைப் பயணப் பதிவின்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் பெரும்பாலும் மீனோடும் மரக்கறியோடும் சமாளித்தோம். அங்கிருந்து கிப்லா தென்கிழக்கு. கப்பல் திரும்பத் திரும்பத் திசையும் மாறும் என்பதால் திசைகாட்டி ஒன்று கையில் இருக்கட்டும். கோடை வெயிலும் காற்றும் கடுமை. வசந்தமும் இலையுதிர் காலமும் நல்லவை.

முந்திய சமூகங்களின் சுவடுகளைப் பூமியில் சுற்றிப் பார்க்குமாறு அல்குர்ஆன் பலமுறை தூண்டுகிறது. பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. எந்த இடிபாட்டின் முன் நின்றாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதை யார் கட்டினார்கள்? அவர்களுக்குப் பின் யாரெல்லாம் பயன்படுத்தினார்கள்? இன்று நாம் காண்பதற்காக எதை அகற்றினார்கள்? மூன்றாவது கேள்விக்கான பதில் அறிவிப்புப் பலகையில் அநேகமாக இருக்காது. அதை வழிகாட்டியிடம் கேட்டுத்தான் பெற வேண்டும்.