மங்கல வாத்தியமும் அமங்கல உடலும்: மதுரை பொன்னுத்தாயை முன்வைத்து

போடியில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் முழங்குகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா மேடையில் இல்லை. மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால் தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். 'மேல போங்க அத்தை' என்றேன். 'நான் போகக்கூடாதுப்பா, நல்ல காரியம் நடக்குது' என்றார். புருஷன் செத்தபிறகு விடியலில் ஜீப்பேறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போய், காயெடுத்த கூலியில் அந்தப் பிள்ளையை வளர்த்தவர் அவர்.

மேடையோரம் நாகசுரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் ஞாபகம் வந்தது. பொன்னுத்தாயி என்றதும் நம்மில் பலருக்கு 1994-இல் வந்த 'கருத்தம்மா' படத்துப் பாட்டுதான் காதில் கேட்கும். நான் சொல்வது வேறு பொன்னுத்தாய். ஆண்கள் மட்டுமே கையிலெடுத்துவந்த நாகசுரத்தைப் பொதுவெளியில் வாசித்து, மதுரைச் சித்திரைத் திருவிழா வரை போனவர். கணவர் இறந்ததும் அவரது வாசிப்பு நின்றுபோயிற்று. கைம்பெண் மங்கல வாத்தியம் வாசிக்கலாகாது என்பது வழக்கம். 2012-இல், எண்பதைத் தாண்டிய வயதில், மதுரையில் காலமானார்.

நாகசுரம் எளிதில் வசப்படும் வாத்தியம் அல்ல. ஆச்சா மரத்தில் கடைந்த, இரண்டடிக்கு மேல் நீளமுள்ள குழல். விரல் வைக்க ஏழே துளைகள். இடைப்பட்ட சுரங்களையும் கமகங்களையும் மூச்சின் அழுத்தத்தாலும், சீவாளியை உதடு பிடிக்கும் பிடியாலுமே உண்டாக்க வேண்டும். பக்கத்தில் தவில். திறந்தவெளி. சாமி புறப்பாடு என்றால் மணிக்கணக்கில் நின்றும் நடந்தும் வாசிக்க வேண்டும். 'பொம்பளைக்கு மூச்சு பத்தாது' என்ற வாதத்தைப் பொன்னுத்தாய் வாசித்தே பொய்யாக்கினார். அந்த மூச்சு கணவன் இறந்த அன்று குறைந்துவிடவில்லை. விரல்களும் எதையும் மறந்துவிடவில்லை. மாறியது அவரது உடலுக்கு நாம் கொடுத்த அர்த்தம் மட்டுமே.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. நாகசுரத்தின் ஒலி மங்கலமானது. ஆனால் ஊதுகிற வாயின் எச்சில் தீட்டு. அதனால்தான் மேல்சாதியினர் இந்த வாத்தியத்தைத் தொடாமல், இசை வேளாளர், மருத்துவர் போன்ற சாதியினரிடம் விட்டுவைத்தார்கள். அதாவது, ஒலியை எடுத்துக்கொண்டு உடலை வெளியே நிறுத்தும் ஏற்பாடு முன்பே இருந்தது. டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கிராப்பு வைத்து, கோட்டுப் போட்டு, மேடையில் சமமாக உட்கார்ந்து இந்த ஏற்பாட்டோடு மோதினார். ஆனால் அந்த மோதலில் மீட்கப்பட்டது ஆண் கலைஞனின் கௌரவம். பொன்னுத்தாய் இரண்டாவது பூட்டையும் சந்திக்க வேண்டியிருந்தது. சாதியின் தீட்டோடு தாலியின் கணக்கும் அவர்மீது ஏறியது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. டிரினிடாடில் 1920-இல் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த ஹேஸல் ஸ்காட் என்ற கறுப்பினப் பெண், ஜாஸ் பியானோவில் அபாரமான தேர்ச்சி கொண்டவர். வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து உட்காரவைக்கும் அரங்கில் வாசிக்க மாட்டேன் என்பதைத் தன் நிபந்தனையாகவே வைத்திருந்தார். 1950-இல் அவர் பெயரில் தொலைக்காட்சி நிகழ்ச்சி வந்தது. அதே வருஷம் கம்யூனிஸ்ட் அனுதாபிகள் என்று அச்சிடப்பட்ட ஒரு பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் தானாகவே போய்ப் பதில் சொன்னார்; ஒரே வாரத்தில் நிகழ்ச்சி ரத்து. பிறகு பல ஆண்டுகள் பாரிஸில் வாழ நேர்ந்தது. 1981-இல் இறந்தார். ஹேஸலை நிறுத்தியது ஒரு பட்டியல். அதை எதிர்த்து அவரால் வாதாட முடிந்தது. பொன்னுத்தாயை நிறுத்தியது யாரும் கையெழுத்துப் போடாத வழக்கம். தடை என்று எதுவும் இல்லை. தேதி குறிக்க ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. இரண்டு பியானோக்களை ஒரேசமயத்தில் ஹேஸல் வாசித்த காட்சி 1943-ஆம் ஆண்டுப் படம் ஒன்றில் இருக்கிறது. 2019 கிராமி விழாவில் அலீஷியா கீஸ் அவர் பெயரைச் சொல்லி அதேபோல் வாசித்துக் காட்டினார். கல்யாணவீட்டு வாசிப்பும் சாமி புறப்பாட்டு வாசிப்பும் பெரும்பாலும் அந்தக் காற்றோடு போய்விடுபவை. எனவே பொன்னுத்தாய் விஷயத்தில் 'முதல் பெண் நாகசுரக் கலைஞர்' என்ற பட்டமே முன்னால் நிற்கிறது. மிருதங்கம் வாசித்த திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாளுக்கும் இதே 'முதல் பெண்' பட்டம்தான். மரியாதையாகத் தோன்றும் இச்சொல், அவர் எப்படி வாசித்தார் என்ற கேள்வியைக் கேட்காமலேயே நம்மை நகர்ந்துபோக விடுகிறது.

மறுபடியும் அந்தத் தூணருகே வருகிறேன். அந்த அத்தை பறித்த ஏலக்காய் போடிச் சந்தைக்கு வந்து, ஏலத்தில் போய், ஏதோ ஒரு கோயில் சர்க்கரைப் பொங்கலிலும் கல்யாணப் பாயசத்திலும் மணக்கிறது. பறித்த கை சுமங்கலியின் கையா என்று யாரும் கேட்பதில்லை. தோட்டத்தில் குனிந்து நிற்கும் கைம்பெண்ணின் உழைப்பு நமக்கு வேண்டும். மேடையில் நிமிர்ந்து உட்காரும் அவளது வித்தைதான் அபசகுனம். அமங்கலம் என்பது வெறும் நம்பிக்கை அல்ல என்று நான் கருதுவது இதனால்தான். பெண் எங்கே கண்ணில் படலாம், எங்கே படக்கூடாது என்று தீர்மானிக்கிற அதிகாரம் அது.

முற்போக்காளர்களான நாமும் இதிலிருந்து தப்ப முடியாது. சடங்கு வேண்டாம், புரோகிதர் வேண்டாம் என்றோம். பலர் தாலியும் வேண்டாம் என்றோம். நாகசுரத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். நல்லதுதான். ஆனால் நம் வீட்டுத் திருமணத்துக்கு வாசிக்க ஒரு கைம்பெண்ணை எத்தனை பேர் தேடிப்போய் அழைத்தோம்? பொன்னுத்தாய் மதுரையில்தான் இருந்தார். போடியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்.

அவர் வாசிப்பைக் கேட்டவர்களும், அந்தக் காலத்துத் தவில்காரர்களும் இன்னும் சிலர் இருக்கக்கூடும். ஏதாவது ஒரு வீட்டுப் பரணில் பழைய கேசட்டும் கிடக்கலாம். அவர்களைப் போய்ப் பார்ப்பதும், கேட்டு எழுதிவைப்பதும், கிடைத்ததைப் போட்டுக் கேட்பதும் அஞ்சலிக் கூட்டத்தைவிட அவசரமான வேலை. அடுத்த கல்யாணத்தில் தூணருகே நிற்பவரைக் கைபிடித்து மேடைக்கு அழைத்துப்போவது அதைவிட அவசரம்.