விளிம்பில்லாத பிம்பம்

கோளக் காமிராவுக்குச் சட்டகம் கிடையாது. எதை உள்ளே வைப்பது, எதை வெளியே தள்ளுவது என்கிற தேர்வும் கிடையாது. எனவே அது நடுநிலையானது. இப்படியொரு வாதம் இருக்கிறது. சட்டகத்தை அதிகாரத்தின் கருவியாகவே வாசித்துப் பழகிய நமக்கு இது கவர்ச்சியானதுதான். இரவல் காமிரா ஒன்றை இரண்டு வாரம் வீட்டில் வைத்துப் பார்த்ததில் எனக்கு ஒப்பவில்லை.

2013இல் வந்த ரிக்கோ தீட்டாவின் வழியில் வந்த கருவி அது. முதுகோடு முதுகாக இரண்டு மீன்கண் லென்சுகள். ஒவ்வொன்றும் 180 பாகைக்குச் சற்று அதிகமாகவே பார்க்கும். இரண்டுக்கும் பொதுவாக விழுகிற ஓரங்களை வைத்து மென்பொருள் தைத்துவிடுகிறது. லென்சுகள் ஒரே புள்ளியில் இல்லாததால், தையலுக்குக் கிட்டத்தில் இருப்பவை பிசகும். எங்கள் கூடத்தின் தூரச் சுவர் ஒழுங்காக வந்தது, பக்கத்து நாற்காலியின் கை அறுந்து நின்றது. கோளத்தைத் தட்டையாக விரித்தால் அகலம் 2, உயரம் 1. உச்சியிலிருக்கும் ஒற்றைப் புள்ளி மேல்விளிம்பு முழுக்க இழுபட, மின்விசிறி பிசைந்த மாவு மாதிரி கிடந்தது. முழுமை என்று நம்மிடம் நீட்டப்படுவது இந்தத் தையல் வேலைதான். (இலக்கிய வரலாறு எழுதுகிறவர்களுக்கு இது புதிதல்ல.)

1787இல் ராபர்ட் பார்க்கர் காப்புரிமை பெற்ற வட்ட ஓவியத்தில் நடுவிடம் பார்வையாளனுக்கு. 1791இல் பெந்தம் வெளியிட்ட சிறைத் திட்டத்தில் அது காவலனுக்கு. இந்தக் காமிராவின் நடுவில் ஆளே இல்லை. எடுப்பவன் அடுத்த அறைக்குப் போய் அலைபேசியில் அழுத்தலாம். நான் அப்படித்தான் எடுத்தேன்.

அம்மா எங்கே போவார்? சாதாரணக் காமிரா என்றால் "என்னய விட்டுட்டு எடுப்பா" என்று ஓரமாக ஒதுங்கிவிடுவார். சமையலறை மேடையில் இதை வைத்ததும், "இதுக்கு எதுப்பா முன்பக்கம்?" என்று கேட்டார். முன்பக்கம் இல்லை என்றேன். "அப்ப நா எந்தப் பக்கம் நின்னு வேல பாக்கறது?" என்றபடி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார்.

விளிம்பை நாம் ஒதுக்கப்பட்டவர்களின் இடமாகவே எழுதிவந்திருக்கிறோம். ஒதுங்கிக்கொள்ளும் உரிமையும் அங்கேதான் இருந்திருக்கிறது. தவிர, சட்டகம் ஒழிந்துவிடவும் இல்லை; திரையில் விரலால் நகர்த்திப் பார்ப்பவனின் கைக்குப் போயிருக்கிறது. அம்மா பக்கம் எப்போது திரும்புவது, எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதை இனி அவன்தான் தீர்மானிப்பான்.

இடிக்கப்படும் குடியிருப்பில் இதை வைத்தால் மறுக்க முடியாத சாட்சியம் கிடைக்கும் என்று ஆவணப்படத் தோழர்கள் நினைக்கலாம். கிடைக்கும். ஆனால் புல்டோசரோடு சேர்ந்து, பின்னால் உடை மாற்ற மறைவு தேடும் பெண்ணும் பதிவாகிறாள். அவளிடம் கேட்டுவிட்டு வையுங்கள். அவள் வேண்டாமென்றால் அந்தப் பக்கத்தை அழித்துவிட்டுப் படத்தை வெளியே கொடுங்கள்.