படிக்கட்டு என்னும் பிரதி

போன மாதம் ஒரு விமர்சனக் கூட்டம். நெரிசலான தெரு ஒன்றில் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. வாடகை குறைவு என்பதால் நாங்கள் வழக்கமாகக் கூடும் இடம்தான். சக்கர நாற்காலியில் வரும் கவிஞர் நண்பரை நாலு பேராகத் தூக்கிக்கொண்டு ஏறினோம். ஏறி முடித்ததும் எங்கள் முகத்தில் ஒரு திருப்தி. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து அவர் கேட்டார்: 'ஏத்திவிட நாலு பேர் இருக்கீங்க. கீழ தீப்பிடிச்சா எறக்கிவிட எத்தன பேர் இருப்பீங்க?' யாரும் பதில் சொல்லவில்லை. அன்று நாங்கள் பேசிய விஷயம் விளிம்புநிலை உடல்கள்.

அந்தக் கேள்விதான் என்னைக் கட்டட விதிகளைப் படிக்க வைத்தது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். விதித்தொகுப்பும் ஒரு பிரதிதான். அதன் ஒவ்வொரு அளவுக்குள்ளும் ஒரு மனித உடல் கற்பனை செய்யப்பட்டிருக்கிறது. யாருடைய உடல் அது என்று கேட்பது வாசிப்பின் வேலை.

இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970இல் வந்தது. 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. அது தானாகவே சட்டம் ஆகாது. மாநிலங்களும் நகராட்சிகளும் தங்கள் விதிகளில் ஏற்றுக்கொள்ளும்போதுதான் அதற்குப் பல் முளைக்கிறது. 2016 பதிப்பில் தீப் பாதுகாப்பு நான்காம் பகுதி முழுவதும் இருக்கிறது. ஊனமுற்றோரும் முதியோரும் கட்டடத்தைப் பயன்படுத்துவதற்கான விதிகளோ மூன்றாம் பகுதியின் பின்னிணைப்பில். மையம் எது, விளிம்பு எது என்பதைப் பொருளடக்கமே சொல்லிவிடுகிறது.

தீ விதிகளின் தர்க்கம் எளிமையானது. தீயைவிட முன்னால் புகை வரும். புகை வருவதற்குள் ஆள் வெளியே போயாக வேண்டும். எனவே எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், வழி எவ்வளவு அகலம், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று அளவு வைக்கிறார்கள். வெளியேறும் கதவு ஒரு மீட்டருக்குக் குறையாத அகலம்; ஆட்கள் ஓடும் திசையிலேயே திறக்க வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவைப் பின்னால் நெருக்கும் கூட்டமே அடைத்துவிடும். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள். கூடுதல் இருக்கைகள் போட்டு அங்கே ஒரு வழியை அடைத்திருந்தார்கள். டிக்கெட் காசாக மாறிய நடைபாதை அது.

அணுகல் விதிகளின் தர்க்கம் வேறு. சாய்தளம் 1:12 என்ற விகிதத்தைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. அதாவது ஓரடி உயர 12 அடி நீளம். வாசலில் இரண்டடித் திண்ணை இருந்தால் 24 அடிச் சாய்தளம் வேண்டும். நாலடிக்குச் சிமெண்ட் பூசிவிட்டு 'ரேம்ப் வெச்சாச்சு' என்பது வண்டியை ஏற்றத்தான் உதவும்.

இந்த இரண்டு தர்க்கமும் மோதும் இடம் லிஃப்ட். 'தீ விபத்தின்போது மின்தூக்கியைப் பயன்படுத்தாதீர், படிக்கட்டைப் பயன்படுத்தவும்' என்ற பலகையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். காரணம் நியாயமானது: மின்சாரம் போகலாம், லிஃப்ட் குழி புகையை மேலே இழுக்கும், தீ எரிகிற மாடியிலேயே கதவு திறந்துவிடலாம். ஆனால் இந்த வாக்கியம் யாரைப் பார்த்துப் பேசுகிறது? லிஃப்டில் மட்டுமே மேலே வர முடிந்தவருக்கு இதில் ஒரு சொல்லும் இல்லை. ஏறும் உடலாக அவரை ஏற்ற கட்டடம், இறங்கும் உடலாக அவரை மறந்துவிடுகிறது.

தீர்வு இல்லாமலில்லை. தீயைத் தாங்கும் சுவருக்குள், படிக்கட்டை ஒட்டி, மீட்பவர் வரும்வரை காத்திருக்க ஒரு புகலிடம். தீயணைப்போர் இயக்கத் தனி மின்வழி உள்ள லிஃப்ட். படியில் இறக்கும் நாற்காலி. காது கேளாதவருக்கு ஒளிரும் அபாய விளக்கு. யார் யாருக்கு உதவுவது என்று முன்கூட்டியே எழுதிய திட்டம். இவை இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு லண்டன் சாட்சி. 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் அடுக்கு மாளிகையில் 72 பேர் உயிரிழந்த தீயில், அங்கே வாழ்ந்த ஊனமுற்றோருக்கென்று அப்படி ஒரு திட்டம் இருக்கவில்லை.

நமக்கு லண்டன் வரை போக வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை, ஏர்வாடி. மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கூரைக் கொட்டகையில் தீ. 28 பேர் இறந்தார்கள். அவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். கதவு எத்தனை மீட்டர் என்ற கேள்விக்கே அங்கு அர்த்தமில்லை. தீ எல்லோரையும் ஒன்றுபோல் எரிக்கும் என்கிறோம். அது பாதி உண்மை. யார் ஓட முடியாது என்பதைத் தீ வருவதற்கு முன்பே நாம் தீர்மானித்துவிடுகிறோம்.

சட்டத்தின் மொழியையும் பார்க்கலாம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் சாய்தளம் கட்டச் சொன்னது, ஆனால் 'பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு' என்ற வாலோடு. அந்த வால் வழியாக எல்லோரும் தப்பினார்கள். 2010இல் தமிழக அரசு 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை நீக்கி 'மாற்றுத்திறனாளிகள்' என்றது. பெயர் மாறியது, படி மாறவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம், விதிகள் வந்த ஐந்தாண்டுக்குள் பழைய பொதுக் கட்டடங்களையும் மாற்றியாக வேண்டும் என்றது. 2017இல் விதிகள் வந்தன. கெடு 2022இல் முடிந்தது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டாயம் என்று சட்டம் சொன்னதை வெறும் வழிகாட்டுதலாக நீர்த்துப்போகச் செய்கிறது என்று சொல்லி அந்த விதியைச் செல்லாது என்றது. மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளை வகுக்கச் சொன்னது. இலக்கணத்தில் சொன்னால், சட்டம் ஏவலில் பேசியதை விதி வியங்கோளில் முனகியிருந்தது.

'பழைய கட்டடம், காசில்லை, என்ன செய்ய' என்று நண்பர்கள் சொல்வார்கள். நானும் சொன்னவன்தான். ஆனால் தூக்கிக்கொண்டு போவதை நட்பு என்றும் தோழமை என்றும் பேர் வைத்துக்கொண்டது, அவருடைய உரிமையை நம்முடைய தயவாக மாற்றிய காரியம். எந்தக் கூட்டத்துக்கு வருவது, எப்போது கிளம்புவது என்பதெல்லாம் நாலு பேர் தோளில் இருக்கும்வரை அவர் நம் விருந்தாளி. நம்மில் ஒருவர் அல்ல.

அடுத்த கூட்டத்துக்குத் தரைத்தளத்தில் ஒரு இடம் பார்த்திருக்கிறோம். வாடகை அதிகம். வாசலில் ஒரே ஒரு படி. பலகை போட்டால் போதும். பின்பக்கம் இன்னொரு கதவு இருக்கிறது, பூட்டியிருக்கிறது. சாவி யாரிடம் என்று கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.