உங்களுக்குத் தெரியுமா? ஆடு மாடுகளுக்கென ஒரு பல்கலைக்கழகம்

பொத்தேரியை ஒட்டியுள்ள காட்டுப்பாக்கத்தில் இயங்குகிறது கால்நடை அறிவியல் முதுகலை ஆராய்ச்சி நிலையம். செங்கல்பட்டு வட்டாரத்து விவசாயிகளுக்கு இது நன்கு பழகிய இடம். கறவை மாடு, வெள்ளாடு, வெண்பன்றி, தீவனப்புல் என்று எதைப் பற்றியும் இங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், பயிற்சியும் உண்டு.

தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவக் கல்வியின் தாய்வீடு சென்னை வேப்பேரி. அங்கே 1903 அக்டோபர் 1 அன்று, டாபின் ஹால் என்ற கட்டடத்தில், 20 மாணவர்களுடன் தொடங்கியது சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி. இந்தியாவிலேயே முதலில் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கால்நடைக் கல்லூரி இதுதான். 1989இல் நாட்டின் முதல் கால்நடைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாட்டிலேயே பிறந்தது; காட்டுப்பாக்கம் நிலையம் அதன் ஓர் அங்கம்.

கால்நடை மருத்துவ இளநிலைப் படிப்பு ஐந்தரை ஆண்டுகள். மனித மருத்துவத்துக்குச் சற்றும் குறையாத காலம்!

கடைசி ஓராண்டு முழுக்க உள்ளிருப்புப் பயிற்சி. தோள்வரை நீளும் கையுறை மாட்டி, பசுவின் மலக்குடல் வழியே கருப்பையைத் தடவிப் பார்த்துச் சினையை உறுதிசெய்ய வேண்டும். வலியைச் சொல்லத் தெரியாத உயிரிடம் விரல் நுனியால் விடை தேடும் இந்தத் திறமை, புத்தகத்தில் கிடைக்காது. வாயில்லா ஜீவனை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அந்த விடை அடுத்த ஆண்டின் பால் வருமானம்.