பெயேர்செபாவில் நின்ற வண்டிகள்



அடுத்த தெருவுக்கு வீடு மாறுவது ஒருநாள் அலுப்போடு முடிந்துவிடும். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய லிங்கநகரிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர் கடந்து கொழும்புக்குக் குடிபெயர்வதோ ஒரு குடும்பத்தின் பொறுமையையே சோதிப்பதாகும். லொறிக்கு முற்பணம், பிள்ளைகளின் விடுகைப் பத்திரம், கிராம உத்தியோகத்தரின் சான்று என அலைச்சல் நீளும். எதை ஏற்றுவது, எதை விற்பது என்ற விவாதத்தில் கணவனும் மனைவியும் ஒருநாளாவது முகம் திருப்பிக்கொள்ளாத வீடுகள் குறைவு. அம்மியை ஏற்ற இடமில்லை என்பான் மகன். அம்மி இல்லாமல் நான் வரேன் என்பார் தாய்.

திருவிவிலியத்தின் தொடக்க நூல் இத்தகைய பயணங்களால் நிறைந்தது. ராகேல் புறப்படும்போது தன் தந்தையின் குலதெய்வச் சிலைகளைத் திருடி, ஒட்டகச் சேணத்தினுள் ஒளித்து, அதன்மேல் அமர்ந்துகொண்டார். (பிறந்த வீட்டிலிருந்து வெறுங்கையோடு கிளம்ப மனம் வராத மகள்மார் அன்றும் இருந்திருக்கிறார்கள்!) ஆயினும் நாம் ஊன்றிப் படிக்க வேண்டியவை 45, 46ஆம் அதிகாரங்களாகும்.

கானானில் பஞ்சம். யோசேப்பின் குடும்பத்தை அழைத்துவர வண்டிகளை அனுப்பச் சொன்ன பார்வோன், அவர்கள் தங்கள் தட்டுமுட்டுச் சாமான்களைப்பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினான். களஞ்சியம் நிறைந்தவருக்கு அப்படிச் சொல்வது எளிது. யாக்கோபின் மக்களோ, கானானில் தேடிய பொருட்களையும் கால்நடைகளையும் ஓட்டிக்கொண்டே சென்றார்கள். அதற்காக இறைவார்த்தை அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை.

எனவே, தாயின் அம்மியைப் பார்த்து நகைக்காதீர்கள். கொட்டியாரக் குடாவுக்கு அப்பாலுள்ள சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை மக்களுக்கு 2006இல் லொறியும் இல்லை, சாமான் கட்ட நேரமும் இல்லை. குண்டுவீச்சுக்கு அஞ்சி ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை எனக் கால்நடையாய்ச் சென்று மட்டக்களப்பில் தஞ்சமடைந்தார்கள். மறு ஆண்டிலிருந்து கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்கள். சொந்த நிலத்தில் கால் வைக்க 2015உம் 2016உம் ஆயின. திரும்பியவர்களுள் பலர் கண்டது பற்றைக் காட்டை. வீட்டின் எல்லையைக் கிணற்றையும் மரத்தையும் கொண்டே அடையாளம் காண வேண்டியிருந்தது. தமிழகத்து முகாம்களிலிருந்து 37 பேர் 2011 ஒக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் திரும்பியபோதும், விமானத்தைவிடக் கூடுதலாகச் சாமான் கொண்டுவரலாம் என்பதே பலருக்குப் பெரிய ஆறுதலாயிருந்தது.

சாமான்களை எப்படியும் கட்டிவிடலாம். வீட்டிலுள்ள முதியவரை என்ன செய்வது?

எகிப்தை அடைந்தபோது யாக்கோபுக்கு வயது 130. மகனைக் காணும் ஆவலோடுதான் அவர் புறப்பட்டார். ஆனால், கானானின் தென்கோடியான பெயேர்செபாவை அடைந்ததும் பயணம் நின்றது. தம் தந்தை ஈசாக்கின் கடவுளுக்கு அங்கே அவர் பலி செலுத்தினார். அன்றிரவு, எகிப்துக்குப் போக அஞ்ச வேண்டாம் என்று ஆண்டவர் அவரிடம் சொன்னார். அஞ்சுகிறவரிடம்தானே அப்படிச் சொல்ல வேண்டும்? முன்பொரு பஞ்சத்தில் எகிப்துக்குப் போகாதே என்று ஈசாக்கைத் தடுத்தவரும் இதே ஆண்டவர்தாம். தந்தை கடக்காத எல்லையைத் தள்ளாத வயதில் கடக்கிறோமே என்று அந்த முதியவர் கலங்கியிருக்க வேண்டும். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை; நானும் உன்னோடு வருவேன் என்றார், யோசேப்பே உன் கண்களை மூடுவான் என்றார்.

நம் வீடுகளிலோ, வெளிநாட்டுப் பிள்ளைகள் தொலைபேசியில் பேசித் தீர்மானிக்கிறார்கள். லொறிக்கு நாள் குறித்தபின்னரே அம்மாவுக்குச் சொல்லப்படுகிறது. அவர் விட்டுச் செல்வது வீட்டை மாத்திரமல்ல. காலையில் கேட்கும் ஆலய மணி, வேலிக்கு அப்பாலிருந்து குரல் கொடுக்கும் அயல்வீட்டுப் பெண், சேமக்காலையில் துயிலும் கணவர் எல்லோரையும் விட்டுச் செல்கிறார். முன்கூட்டியே அவரிடம் கேளுங்கள். சேமக்காலைக்கு அழைத்துச் சென்று, அவராக எழும்வரை காத்திருங்கள். பெயேர்செபாவில் ஓர் இரவு வண்டிகள் நின்றன; உங்கள் லொறியும் ஒருநாள் பிந்தட்டும்.

இன்னொன்று. எங்கள் பெயர்களைப் புதிய பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டுக்கு மாற்ற முடியுமா என்று சிலர் கேட்பதுண்டு. முடியாது. திருமுழுக்குப் பெற்ற ஆலயத்திலேயே அப்பதிவு இருக்கும். நீங்கள் கொண்டுசெல்வது சான்றிதழின் பிரதியை மட்டுமே. நாளை உங்கள் மகள் தொலைவிலுள்ள ஆலயமொன்றில் திருமணம் புரிந்தாலும், அச்செய்தி இங்கே அனுப்பப்பட்டு, அவள் பெயரின் ஓரத்தில் எழுதப்படும். போரில் பதிவேடு அழிந்திருந்தால், பிறருக்குப் பாதகமில்லாதவிடத்து, நம்பத்தகுந்த ஒரே ஒருவரின் சாட்சியமும் போதும் என்கிறது திருச்சபைச் சட்டம். ஆகவே, புறப்படுமுன் ஞானப்பெற்றோரைச் சந்தித்து, அவர்களுடைய முகவரியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.