முதல் பிரசவம் சிசேரியன்; அடுத்தது?

தேசியக் குடும்பநல ஆய்வின் (2019-21) கணக்குப்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் இது 60 சதவீதத்துக்கும் மேல். ஆகவே, இரண்டாவது முறை கருவுறும் பெண்களில் பலருடைய வயிற்றில் பழைய தழும்பு இருக்கிறது. “முதல் குழந்தையே ஆபரேஷன், இனி சுகப்பிரசவம் ஆகாது” என்று வீட்டிலேயே முடிவுகட்டிவிடுகிறார்கள். மருத்துவம் அப்படிச் சொல்வதில்லை.

மருத்துவர் எதைப் பார்க்கிறார்?

முதலில், கர்ப்பப்பையில் போட்ட வெட்டு. கீழ்ப்பகுதியில் குறுக்காகப் போட்டிருந்தால் சுகப்பிரசவத்துக்கு முயலலாம். மேல்பகுதியில் நெடுக்காகப் போட்டிருந்தால் கூடாது. வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பை வைத்து இதைச் சொல்ல முடியாது. அதனால்தான் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி முக்கியம்.

அடுத்து, அன்று ஏன் ஆபரேஷன் செய்தார்கள்? குழந்தை தலை திரும்பாமல் இருந்தது காரணமென்றால், இம்முறையும் அப்படியே இருக்கும் என்பதில்லை. ஆனால், நச்சுக்கொடி இப்போது கர்ப்பப்பை வாயை மூடியிருந்தால் சிசேரியனைத் தவிர வழியில்லை.

இரு பக்கமும் அபாயம்

தகுதியுள்ளவர்கள் முயன்றால் நூற்றுக்கு 72 முதல் 75 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது என்கிறது பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி. ஏற்கெனவே ஒரு சுகப்பிரசவம் ஆனவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். ஆனால், வலியின்போது சுமார் 200 பேரில் ஒருவருக்குப் பழைய தையல் விடலாம். அது தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. ஆகவே, எந்நேரமும் அறுவை அரங்கும் மயக்க மருத்துவரும் ரத்தமும் தயாராக உள்ள மருத்துவமனையில் மட்டுமே முயல வேண்டும்.

மறுபடி சிசேரியன் செய்தால் இந்த அபாயம் பெரும்பாலும் விலகும். ஆனால், ஒவ்வொரு சிசேரியனும் அடுத்த கர்ப்பத்தில் நச்சுக்கொடி தழும்போடு ஒட்டி வளரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. மூன்றாவது குழந்தையும் வேண்டும் என்பவர்கள் இதை மருத்துவரிடம் பேசியாக வேண்டும்.

சிசேரியன்தான் என்று முடிவானாலும், அவசரக் காரணம் இல்லாதபோது 39 வாரம் முடிவது நல்லது. ஜாதகம் பார்த்து அதற்கு முன்பே நாள் குறித்தால், குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது.

எப்போது பேசுவது?

36 வாரத்துக்குள் பேசி முடித்துவிட வேண்டும். “எனக்கு முயலத் தகுதி உண்டா? இல்லையென்றால் என்ன காரணம்? குறித்த நாளுக்கு முன்பே வலி வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?” இந்த மூன்றையும் கர்ப்பிணியே கேட்கட்டும். கணவரும் மாமியாரும் உடன் இருக்கலாம். ஆனால், பதில் அவருக்குப் புரிய வேண்டும், சம்மதம் அவருடையதாக இருக்க வேண்டும்.