முள்ளியவளைக்குப் போகும் சகோதரிக்கு

 

கத்தாரிலிருந்தோ, ஜித்தாவிலிருந்தோ, லண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வருகிறீர்கள். கலியாண வீடு, மௌத்து வீடு, சாமான் வாங்குதல் என்று நாட்கள் ஓடிவிடும். அதற்கிடையில் உம்மா சொல்வார்: "முள்ளியவளை மாமியை ஒருக்காப் பார்த்திட்டு வாங்க மகள்." தயவுசெய்து இதைத் தட்டிக்கழித்துவிடாதீர்கள்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறக்குறைய 75,000 பேர் ஊரை இழந்தோம். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் பிள்ளைகள் பலர் புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில்தான் வளர்ந்தோம். அப்போது எனக்குப் பத்து வயது. போகச் சொன்னவர்கள் ஆயுதம் வைத்திருந்தவர்கள். வேலியோரம் நின்று அழுதவர்கள் அயல்வீட்டார். இந்த இரு சாராரையும் ஒன்றாக்கி மனத்தில் சுமந்துகொண்டு அந்த வீட்டுப் படி ஏறாதீர்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் புலிகளே அதற்காக மன்னிப்புக் கேட்டார்கள். மாமி கேட்க வேண்டிய மன்னிப்பு எதுவும் இல்லை.

கத்தாரிலிருந்து வந்த என் தாத்தாவுடன் நானும் அங்கே போனேன். வாசலில் கட்டிப்பிடித்து அழுதது எல்லாம் ஆயிற்று. உட்கார்ந்ததும் தாத்தா கேட்ட முதல் கேள்வி: "சின்னவன் எங்க மாமி, கனடாவுக்குப் போயிட்டானா?"

மாமி பேசவில்லை. சுவரில் அவன் படம் இருந்தது. படத்துக்கு மாலை போட்டிருக்கவில்லை.

2009இல் யுத்தம் முடிந்த நாட்களில் காணாமல் போனவன். இப்படிப்பட்ட தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், பிறகு முல்லைத்தீவிலும் தெருவோரத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். மாமியும் அங்கே உட்கார்ந்தவர்தான். நான் ஆறுதல் சொல்வதாக நினைத்து, "அவர் இருந்தபோது..." என்று தொடங்கிவிட்டேன். "இருக்கிறான் தம்பி" என்றார் மாமி. ஓதிக்கொடுக்கிற எனக்கு அன்று ஒரு பாடம். ஆகவே போகுமுன் உம்மாவிடமோ ஊரில் இருப்பவர்களிடமோ, அந்த வீட்டில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காணாமல் போனவரைப் பற்றி மாமி பேசினால் கேளுங்கள். நீங்களாகத் தொடங்க வேண்டாம். இறந்தவராக வைத்தும் பேச வேண்டாம்.

இன்னொன்று. நாம் ஒப்படைத்துவிட்டு வந்த சாமான்கள்! உம்மா தன் தையல் மெசினை மாமியிடம் கொடுத்துவிட்டு வந்தவர். நாங்கள் அதைக் கேட்கவே இல்லை. மாமியே சொன்னார்: "புதுக்குடியிருப்பு மட்டும் உழவு மெசின் பெட்டியில ஏத்திக் கொண்டு போனன் பிள்ளை. அங்கால ஏலாமல் விட்டிட்டன். உம்மாட்டச் சொல்லு." தன் வீட்டுக் கூரையையே இழந்தவர் ஒரு மெசினுக்காகத் தலைகுனிந்தார். அமானிதம் பெற்றவர் தன் கவனக்குறைவு இல்லாமல் அதை இழந்தால் ஈடு கொடுக்க வேண்டியதில்லை என்பது நம் ஃபிக்ஹு சட்டம். அதை எடுத்துச் சொன்னேன். மாமிக்குச் சமாதானம் ஆகவில்லை. தாத்தா டெலிபோனில் உம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார். இருவரும் மெசினை மறந்து கிணற்றடிக் கதை பேசத் தொடங்கினார்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சில சகோதரிகள் தயங்குகிறார்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள். மரக்கறியும் சோறும் போதும் என்றால் மாமி விடமாட்டார். "உங்கட ஆக்கள்ற கடையிலதான் கோழி வாங்கினது, பயப்பிடாமச் சாப்பிடு" என்று புதுச் சட்டியைக் காட்டினார். அப்படிப்பட்ட வீட்டில் தேத்தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழும்புவது பேணுதல் அல்ல. அஸ்மா (ரலி) அவர்களின் தாயார் இஸ்லாத்தை ஏற்காதவராக இருந்தும், மகளைப் பார்க்க வந்தபோது அவருடன் உறவைப் பேணும்படிதான் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அது தாய்க்கு. அயலவருக்கும் உரிமை உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

பேரீச்சம்பழம் கொண்டு போங்கள். காசு கொடுப்பதானால் பிள்ளைகள் கையில், அதுவும் பிறர் காணாமல் கொடுங்கள். மே 18ஐ ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். அந்த வீடுகளில் அது துக்க வாரம். மீள்குடியேற்றக் காணிகள் பற்றி அங்கே கசப்பான பேச்சுகள் எழுந்ததுண்டு. அதை மாமியின் திண்ணைக்குக் கொண்டு போகாதீர்கள்.

புறப்படும்போது உம்மாவுக்கென்று ஒரு பை முருங்கைக்காய் தந்தார். "அடுத்த முறை அவவையும் கூட்டிக் கொண்டு வா பிள்ளை."

வவுனியாவிலிருந்து மாங்குளம் போய்க் கிழக்கே திரும்பினால், ஒட்டுசுட்டான் தாண்டி முள்ளியவளை. உம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் பஸ்ஸைப் பார்க்காமல் வேன் பிடியுங்கள். இந்த வருடமே போங்கள். மாமிக்கும் எழுபத்தெட்டு வயதாகிவிட்டது.